பினாங்கில் அகதிகளுக்கு உதவும் தேவாலய அலுவலகத்தில் பயிற்சிப் பணி: சேரலாமா?

ஆயர் ஈத்தாம் மாணவி:

வணக்கம். சமூகப் பணி படிக்கிறேன். அடுத்த பருவத்தில் களப்பயிற்சிக்குப் போக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை சார்ந்த ஓர் அலுவலகம் என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அகதிகளுக்கும் உதவுகிறார்கள். நாங்கள் இந்துக்கள். மதம் மாறச் சொல்வார்களா, குடிநுழைவுத் துறை சோதனைக்கு வந்தால் உன்னையும் பிடித்துக்கொண்டு போவார்களா என்று அம்மா கேட்கிறார். என் கவலை வேறு. சில மாதங்களே இருக்கப்போகும் மாணவியால் அங்கே யாருக்காவது பயன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் வாசி:

சகோதரி, அம்மாவின் கேள்விகள் நியாயமானவை. நான் பயிற்சி பெற்ற இடமும் திருச்சபை சார்ந்ததுதான். உதவி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்: ரொஹிங்கியா குடும்பங்கள், வங்காளதேசத் தொழிலாளர்கள். அவர்களையோ என்னையோ யாரும் பூசைக்கு அழைத்ததில்லை. ஆனாலும் என் சொல்லை மட்டும் நம்பிச் சேராதீர்கள். உதவிக்கு வருபவரிடம் மதம் பேசுவீர்களா என்று பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். பேசமாட்டோம் என்பதை எழுத்தில் காட்டினால் அம்மாவுக்கும் நிம்மதி.

சோதனையைப் பொறுத்தவரை, மைகார்டும் (அடையாள அட்டை) அலுவலக அட்டையும் எப்போதும் கையில் இருக்கட்டும். உங்களைவிட உங்களோடு வருபவருக்குத்தான் ஆபத்து அதிகம். அகதிகளுக்குப் பாதுகாப்புத் தரும் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்றவர்கள் இங்கே 180,000-க்கும் மேல். மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். பதிவு பெற்றவர்களுக்குக் கொடுக்கும் ஐநா அட்டை வேலை பெர்மிட் ஆகாது. அதை வைத்துப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கவும் முடியாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும், அவ்வளவுதான். மீதிப் பாதியே ஒரு பிரசவத்துக்குக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும்.

அட்டையும் இல்லாதவரைப் பொறுப்பாளரிடம் கேட்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001-இல் சுற்றறிக்கை விட்டது. இது தெரியாமல் நல்லெண்ணத்தோடு செய்யும் உதவி ஒருவரைத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் விடலாம். அந்த முகாம்களுக்குள் ஐநா ஆணையத்துக்கு 2019 ஆகஸ்ட் முதல் அனுமதி மறுக்கப்பட்டது.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் தமிழ் ஒன்றே போதும். இராமநாதபுரத்திலிருந்து உணவகத்தில் வேலை செய்ய வந்த ஒரு அண்ணன், மலாயில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். நான் தமிழில் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று விசாரித்த பிறகுதான் வாய் திறந்தார். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியிடம். முகவருக்குக் கட்டிய பணத்துக்காக மனைவியின் நகை அடகில். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், எத்தனை மணிக்குக் கடை சாத்தினார் என்பதைத் தினசரி நாட்காட்டித் தாள்களின் பின்புறம் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தபோது அந்தத் தாள்கள்தாம் சாட்சி. அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பட்டியல் போட்டது பயிற்சி மாணவியான நான். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான காரணமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதைச் சொன்னதும் கடப்பிதழ் திரும்பி வந்தது. சம்பளம் வர வெகுகாலம் ஆனது, அதுவும் முழுதாக வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கேட்டதைச் சரியாக எழுதுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகானித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் தொழிலாளர்களிடம் நேரில் கேட்டுத்தான் தடுப்பு முகாம்களைப் பற்றி 1995-இல் அறிக்கை எழுதினார். அதற்காக 2003-இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008-இல்தான் அந்தத் தண்டனை ரத்தானது. இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அவரைப் படித்துவிட்டு இப்பணிக்கு வர வேண்டும்.

செந்தூல்காரன்:

கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று விஷயங்கள். பிள்ளைகளோடு படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். முகமும் இடமும் சேர்ந்து தெரிந்தால் குடும்பத்துக்கே ஆபத்து. அமெரிக்கா போவோமா, ஆஸ்திரேலியா போவோமா என்று கேட்பார்கள். யாரை அகதியாக ஏற்பது என்பது அந்த நாடுகளின் முடிவு. ஆறுதலுக்காகக்கூட ‘போவீர்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி நாள் எது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் மாணவி:

மிக்க நன்றி. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பொறுப்பாளரைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொல்கிறார். அக்கா, எனக்கு மலாய் நன்றாக வரும், ரொஹிங்கியா மொழி தெரியாது. பெண்களிடம் எப்படிப் பேசினீர்கள்?

பட்டர்வொர்த் வாசி:

அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் மலாய் பழகிவிடுகிறார்கள். வீட்டோடு இருக்கும் பெண்கள் பலருக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்காகக் கணவரையோ பள்ளி வயதுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கர்ப்பிணிகள் சிகிச்சைக்குப் போகும்போது இன்னும் கவனம் தேவை; மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் உதிரப்போக்கைப் பற்றிப் பேசமாட்டாள். அவர்கள் சமூகத்திலேயே மலாய் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். முந்தின நாளே ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவருடைய பஸ் செலவையும் சாப்பாட்டையும் அலுவலகம் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.