வள்ளம் கரைக்கு வருமுன்னே குட்டனுக்கு எப்படித் தெரிகிறது?

கடல்புறத்தான்:
கொளச்சலுக்கு மேற்கே கடற்கரையோரம் எங்கள் வீடு. அப்பா ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கடலில் இறங்கினால் திரும்புகிற நேரம் சொல்ல முடியாது. மீன் பட்டால் ஒன்பது மணி, படாவிட்டால் மதியம்கூட ஆகும்.

வீட்டில் குட்டன் என்று ஒரு நாட்டு நாய் உண்டு. தென்னை மூட்டில் செத்தது போலப் படுத்துக் கிடக்கும். அப்பா வருவதற்கு அரை மணிக்கூர் இருக்கும்போது எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வருடமாக இதேதான். வள்ளம் எந்த நேரத்துக்கு வந்தாலும் அதற்கு முன்னே அது அங்கே இருக்கும்.

"அதுக்கு நம்ம மனசு தெரியும் மக்கா" என்கிறார் அப்பா. என்கூட வேலை பார்க்கிறவன் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். இங்கே வளர்ப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாகர்கோவில் வாத்தியார்:
முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன், அதனால் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். குட்டன் கரைக்குப் போய் உட்கார்ந்து, அப்பா வராமல் திரும்பிய நாட்கள் எத்தனை? யாராவது எண்ணினீர்களா? நடந்ததை ஊரெல்லாம் சொல்வோம், நடக்காததை மறந்துவிடுவோம். ஜோசியம் பலிப்பதும் இப்படித்தான்.

இன்னொன்று. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. மூன்றும் நாலும் எவ்வளவு என்று கேட்டால் குளம்பால் ஏழு முறை தட்டும். அதை வளர்த்தவரும் ஓர் ஆசிரியர்தான், காசு வாங்கி ஏமாற்றியவர் இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907இல் குட்டை உடைத்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! தட்டு சரியான எண்ணை எட்டியதும் கேட்டவரின் தலை தன்னை அறியாமல் இம்மியளவு அசையும், குதிரை அதைப் பார்த்து நிறுத்தும். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் அப்படித் 'தலையசைப்பது' யார் என்று பாருங்கள் தம்பி.

ரப்பர்மூடு:
வாத்தியார் சார் நாய் வளர்த்ததில்லை என்று தெரிகிறது.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவன். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால் கூட வருவது என் நாய் ஒன்றுதான். ஒரு மூட்டில் வெட்டி, சிரட்டையைச் சரிசெய்து, அடுத்த மூட்டுக்குக் காலெடுத்து வைக்கிறேன். அது குறுக்கே வந்து நின்றுகொண்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை. முட்டியால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. லைட்டைக் கீழே திருப்பினால் சருகுக்குள் அணலி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கண்ணாடி விரியன். ஒரு சாண் தூரம்.

இதில் தலையசைத்தது யார், சார்? எனக்கே தெரியாதே!

நாகர்கோவில் வாத்தியார்:
பாம்புக்கு மணம் உண்டு, நாய்க்கு மூக்கு உண்டு. நம் மூக்கில் மணம் பிடிக்கும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல். அது உங்கள் மனதைப் படித்ததென்று நான் சொல்லமாட்டேன். சருகைப் படித்தது.

ரப்பர்மூடு:
மூக்கு பாம்பைக் கண்டுபிடித்தது, சரி. ஓடிப்போகாமல் என் காலுக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னதும் மூக்குதானா?

தக்கலை அக்கா:
எல்லாரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். பசு வளர்ப்பவர்கள் இங்கே யாருமில்லையா?

போன வருடம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரி. நாத்தனார்தான் கறந்தாள். அவளுக்குக் கறவை தெரியாமல் இல்லை, அவள் வீட்டிலும் மாடு உண்டு. எங்கள் லட்சுமி பாலே இறக்கவில்லை. கன்றை விட்டு முட்டவிட்டால் இறக்குகிறது, கன்றை இழுத்துக் கட்டிவிட்டு இவள் கை வைத்தால் நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் என் பழைய நைட்டி ஒன்றை, துவைக்காமல் கிடந்ததை, மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முகர்ந்து பார்த்துவிட்டு அது பேசாமல் நின்று கறக்க விட்டது!

நாகர்கோவில் வாத்தியார்:
அப்படியானால் லட்சுமிக்குப் பாசம் உங்கள் மேலா, நைட்டி மேலா?

தக்கலை அக்கா:
சார், உங்கள் பேரப்பிள்ளை சின்னதில் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டுதானே தூங்கியிருக்கும்? அது சேலை மேல் வைத்த பாசமா?

மாட்டு டாக்டர்:
அக்கா கேட்டது சரியான கேள்வி. மார்த்தாண்டம் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மடியில் பால் இருந்தாலும் காம்புக்கு இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். கன்று முட்டினாலும் பழகிய கை தொட்டாலும் அது சுரக்கும். மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். நாத்தனார் கையில் குறை இல்லை, மாட்டுக்குத்தான் பயம். நைட்டியின் வாடை பயத்தை எடுத்துவிட்டது.

தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரப்பதும் இதே ஹார்மோன்தான். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயையும் வளர்ப்பவரையும் அரை மணி நேரம் ஒன்றாக இருக்கவிட்டு, முன்னும் பின்னும் சிறுநீரில் இதை அளந்தார்கள். கண்ணோடு கண் நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இருவருக்குமே கூடியிருந்தது. மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அப்படிக் காணவில்லை. அதனால் பாசம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாசம் இருப்பது ஒன்று, மனதைப் படிப்பது வேறொன்று. இங்கே இரண்டும் ஒரே சட்டியில் கிடந்து வேகிறது.

மூணாம்வீடு:
மனசு தெரியும், ஹார்மோன் தெரியும், எல்லாம் சரி. ஊசி போட்டாச்சா? எங்கள் தெருவில் நாயைப் பிள்ளை என்று கொஞ்சுகிறவர் வீட்டு நாய்தான் பால்காரரைக் கடித்தது. வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றுகூடப் போடவில்லை. பகலெல்லாம் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு, ராத்திரி வந்து கண்ணோடு கண் பார்ப்பாராம்.

மாட்டு டாக்டர்:
அண்ணாச்சி சொன்னது தலைப்புக்கு வெளியே என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கடல்புறத்தான்:
வாத்தியார் சார் சொன்னதை வைத்து வீட்டில் நோட்டம் விட்டேன். ஒன்று கண்ணில் பட்டது. கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் அப்பா அம்மாவுக்கு ஃபோன் அடிப்பார். அம்மா அலுமினியச் சருவத்தை எடுத்துக் கழுவி வாசலில் கவிழ்த்து வைப்பாள். அந்த 'டங்' சத்தத்துக்குக் குட்டனின் காது நிமிர்கிறது. ஆனாலும் ஃபோன் வராத நாட்களிலும் அது போயிருக்கிறது என்று அம்மா சத்தியம் செய்கிறாள்.

நாகர்கோவில் வாத்தியார்:
பார்த்தீர்களா, சருவம்! நம் பெர்லின் குதிரை கொளச்சலில் நாயாகப் பிறந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஜேட்டீ என்ற நாயைப் பற்றியும் இதே பேச்சு நடந்தது. எஜமானி வீட்டுக்குக் கிளம்பும் நொடியில் அது ஜன்னலுக்குப் போகிறது என்று ரூபர்ட் ஷெல்ட்ரேக் சொன்னார். ரிச்சர்ட் வைஸ்மன் குழு நான்கு முறை சோதித்துவிட்டு, நாய் அடிக்கடி ஜன்னலுக்குப் போகிறது, கிளம்பும் நேரத்தைக் காட்டவில்லை என்று 1998இல் எழுதியது. ஷெல்ட்ரேக் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. நாய்க்குக் கடலில் இருப்பவர் மனசு தெரியுமென்றால் 2017இல் ஒக்கிப் புயல் வந்த அன்று நம் கடற்கரை நாய்கள் எல்லாம் ஊளையிட்டிருக்க வேண்டாமா?

கடல்புறத்தான்:
சார், ஒக்கியை இந்த இடத்தில் இழுத்திருக்க வேண்டாம்.

இழுத்துவிட்டீர்கள், சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் திரும்பவில்லை. அந்த வீட்டில் செம்மி நிறத்தில் ஒரு பெட்டை நாய். நவம்பர் 30க்குப் பிறகு அடுத்த மழைக்காலம் வரைக்கும் அது தினமும் கரைக்குப் போனது. ஹெலிகாப்டர் வந்தபோதும் போனது, வீட்டில் திருப்பலி வைத்த அன்றும் போனது. வரும் வள்ளம் ஒவ்வொன்றையும் எழுந்து பார்க்கும், பிறகு படுத்துக்கொள்ளும்.

அதற்குத் தெரிந்திருந்தால் போயிருக்காது. இந்த ஒரு இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தெரியாமல்தான் போனது. ஆனால் அதைத் தினமும் பார்த்த எங்களிடம் வந்து, அது வெறும் பழக்கம், சருவச் சத்தம் என்று சொல்லாதீர்கள். அந்த வீட்டில் சருவத்தை எடுக்க ஆளே இல்லை.

நாகர்கோவில் வாத்தியார்:
தம்பி, மன்னிக்க வேண்டும். எழுதும்போது வாதத்தில்தான் கண் இருந்தது, ஊரை மறந்துவிட்டேன்.

தக்கலை அக்கா:
இரண்டு நாளாக யாரும் எதுவும் எழுதவில்லை. சண்டை வேண்டாம். தம்பி, சார் கேட்ட மாதிரி எண்ணித்தான் பாரேன். எனக்கும் அறிய ஆசையாக இருக்கிறது.

நாகர்கோவில் வாத்தியார்:
அக்கா சொன்னதால் ஒரு வழி சொல்கிறேன். கொஞ்ச நாளைக்கு அப்பா அம்மாவுக்கு ஃபோன் செய்ய வேண்டாம், நீங்கள் நாகர்கோவிலில் வேலையில் இருக்கும்போது உங்களுக்குச் செய்யட்டும். நீங்கள் வீட்டுக்குச் சொல்லக் கூடாது. குட்டன் எழுந்த நேரத்தைத் தங்கை ஒரு நோட்டில் குறிக்கட்டும். அன்றன்றைக்குக் கேட்காதீர்கள், கடைசியில் ஒத்துப் பாருங்கள்.

கடல்புறத்தான் (இரண்டு வாரம் கழித்து):
பத்து நாள் பார்த்தோம். இரண்டு நாள் கடல் அடித்ததால் வள்ளம் இறக்கவில்லை. மீதி எட்டு.

ஃபோன் இல்லாததால் முதல் நாளே குட்டனின் அரை மணிக்கூர் போய்விட்டது. ஐந்து நாள் அது எழுந்தது வள்ளம் கரை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான். ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வெயிலில் வெந்துகொண்டு கிடந்தது. இரண்டு நாள் போகவே இல்லை, அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். அந்த இரண்டு நாளும் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது என்று தங்கை ஓரத்தில் எழுதியிருக்கிறாள், யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஐந்து நாளும் அப்பாவுக்கு முன்னே நாலைந்து வள்ளம் கரைபிடித்திருக்கிறது, குட்டன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எங்கள் எஞ்சின் வந்தபோதுதான் எழுந்தது.

நாகர்கோவில் வாத்தியார்:
பிரமாதம். தங்கைக்கு என் பாராட்டு, அந்தக் காற்றுக் குறிப்புதான் இதில் தங்கம். கடல் பக்கமிருந்து காற்று வந்தால் எஞ்சின் சத்தமும் மண்ணெண்ணெய் வாடையும் கரைக்கு வரும், எதிர்க்காற்றில் வராது.

இனி எனக்கு எதிராக நானே ஒன்று சொல்கிறேன். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான் என்பார்கள். அது இங்கே அவ்வளவாக உதவாது. அத்தனை உச்சமான ஒலி தூரத்திலிருந்து வருமுன் காற்றிலேயே கரைந்துவிடும். தொலைவிலிருந்து வருவது 'டுபுடுபு' என்ற கீழ்ஸ்தாயி ஓசை, அதில் நாயின் காது நம்மைவிடப் பெரிதாக ஒன்றும் மேல் இல்லை. ஆகவே குட்டன் காதால் மட்டும் ஜெயிக்கவில்லை. ஐந்து எஞ்சினில் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, தூக்கத்திலும் அதற்காக ஒரு காதைத் திறந்துவைத்திருக்கிறது. மனசு படிக்கிறது என்பதைவிட எனக்கு இதுதான் அதிசயமாக இருக்கிறது.

ரப்பர்மூடு:
இதைத்தானே சார் நாங்கள் பாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

தக்கலை அக்கா:
தம்பி, அம்மாவுக்கும் எஞ்சின் சத்தம் தெரியுமா?

கடல்புறத்தான்:
கேட்டேன் அக்கா. "பின்னே தெரியாதா, கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கிருந்து கேக்கியது ஆக்கும்" என்றாள். ஃபோன் வராத நாட்களில் அவளும் முன்கூட்டியே சருவத்தைக் கழுவி வைத்திருக்கிறாள். அதைத் தங்கை நோட்டில் குறிக்கவில்லை. அதனால் குட்டன் எஞ்சினைக் கேட்டதா, அம்மாவைப் பார்த்ததா என்பது மறுபடியும் குழம்பிவிட்டது.

நாகர்கோவில் வாத்தியார்:
ஐயோ. திரும்ப முதலிலிருந்தா?

கடல்புறத்தான்:
அதற்குள் இன்னொன்று. நேற்று எஞ்சினில் கோளாறு. வள்ளத்தை முட்டத்தில் விட்டுவிட்டு அப்பா பஸ்ஸில் வந்தார். குட்டன் கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அப்பா பின்னால் நடந்து வந்து முதுகில் கை வைக்கும்வரை அதற்குத் தெரியவில்லை. துள்ளி எழுந்தது, பார்த்தது, காதைத் தழைத்துக்கொண்டு தலையைக் குனிந்து அப்பாவின் காலடியில் புரண்டது. "ஆளைக் கண்டுபிடிக்காமப் போயிட்டேன்னு அதுக்கு வெக்கமாக்கும்" என்கிறார் அப்பா.

மாட்டு டாக்டர்:
சொன்னால் அடிக்க வருவீர்கள். நாயின் 'குற்றமுகம்' பற்றி அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் சோதித்திருக்கிறார். தப்புச் செய்ததோ இல்லையோ, எஜமானர் திட்டினால் அந்த முகம் வந்துவிடுகிறது. அப்பா திட்டினாரா?

கடல்புறத்தான்:
"எலே, உனக்கு நான் வேண்டாமாலே?" என்று கேட்டார். அது திட்டா என்று தெரியவில்லை.

டாக்டர், வெட்கம் இல்லை என்பதை நீங்களே வந்து அப்பாவிடம் சொல்லுங்கள். வாத்தியார் சாரையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மரச்சீனியும் சாளைக் கறியும் உண்டு. பஸ்ஸில் வந்தால் குட்டனுக்குத் தெரியாது.