கொசு உள்ளானின் பிறந்த வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

உச்சிப்புளி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதக் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு நார்வே நாட்டின் வடகோடிக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், அறுபத்தேழு வயது அம்மா. மொத்தம் பத்து நாள். லோபோட்டன் தீவுகளில் மூன்று நாள், திரோம்சோவில் மூன்று நாள், கடைசியாக வார்டோ. ஐந்து பேருக்கும் பதினைந்து லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஏழு வருடச் சேமிப்பு. கடன் ஒரு ரூபாய் இல்லை.

இந்த ஆசையைக் கிளப்பியவள் மகள். போன தை மாதம் தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றுத் தண்ணீரில் கொசு உள்ளான் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை சுமார் 25 கிராம். தையல் இயந்திரத்தின் ஊசி போல அலகு சேற்றில் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. "இது எங்கே முட்டையிடும் அப்பா?" என்றாள். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்துவிட்டு, மரமே முளைக்காத வடதுருவச் சமவெளியில் என்று சொன்னேன். "அங்கே போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா நாற்பது வருடம் கருவாடு காயப்போட்டவர். லோபோட்டனில் பிப்ரவரி முதல் மே வரை காட் மீனை வாலோடு வாலாகக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள், ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை என்றேன். "உப்பில்லாமல் கருவாடா? புழுத்துப் போகாதா?" என்று கேட்டார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

உறவுக்காரர்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?


பாம்பன் மகள்:

பணம் உங்களுடையது, அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. கருத்துக் கேட்டதால் சொல்கிறேன். இந்தப் பயணம் வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் ஆவுளியா (கடல்பசு) மேயும் கடற்புல்லைப் பார்த்திருக்கிறார்களா? தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தால் அலையைத் தடுக்க எது மிஞ்சும்? மிஞ்சியிருந்த பவளமும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளிறியது. அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையில் விமானப் புகையும் உண்டு. ஐந்து பேர் வடதுருவம் வரை பறந்து போய் இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்று. என் அம்மா கடற்பாசி எடுப்பவர். விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்குவார். மரிக்கொழுந்துப் பாசி கல்லை இறுகப் பிடித்திருக்கும். பிய்த்து எடுத்துக்கொண்டு மேலே வரும்போது துணி கிழிந்து, நகக்கண்ணிலிருந்து வரும் ரத்தம் உப்புத் தண்ணீரில் நூல் நூலாகக் கரைந்துகொண்டிருக்கும். சிறுமியாக அவர் கஞ்சி காய்ச்சிக் குடித்த தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. இன்று அங்கே அனுமதியில்லாமல் கால் வைத்தால் குற்றம். ஒருநாள் முழுக்க எடுத்த பாசியைப் பறிகொடுத்துவிட்டு வெறும் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் இவ்வளவு இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வார்டோவுக்கு ஏன் போகிறீர்கள்?


சாயல்குடி:

போவது என்று ஆகிவிட்டால் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்கரடியைப் பார்க்காமல் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.


கீழக்கரை மாலுமி:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கப்பலில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். 2013 ஜூனில் இரும்புத்தாது ஏற்றுவதற்காகக் கிர்கெனெஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றது. முறை வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அங்கிருந்து கரையோரக் கப்பலில் வார்டோ போய் வந்தேன். 1893-லிருந்து ஓடும் சேவை அது. பெர்கனில் கிளம்பி 34 துறைமுகங்களைத் தொட்டுக் கிர்கெனெஸ் வந்து சேரும். சுற்றுலாப் பயணிக்குப் பக்கத்தில் பால் பெட்டியும் மரச்சாமானும் ஏறும். தம்பி, உல்லாசக் கப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள். இதிலேயே போங்கள்.

வார்டோவிலிருந்து ஹோர்னோயா தீவுக்குச் சிறிய படகில் பத்து நிமிடம். தீவை நெருங்கும் முன்பே வீச்சம் வந்துவிடும், கருவாட்டுக் கிடங்கும் கோழிப்பண்ணையும் சேர்ந்தாற்போல. தலையை நிமிர்த்தினால் பாறைச் சுவர் முழுக்கப் பறவை. கில்லிமோட் என்று ஒன்று, கறுப்புச் சட்டை வெள்ளை வேட்டி போட்டாற்போல நிமிர்ந்து நிற்கும். கூடு கிடையாது. உள்ளங்கை அகல விளிம்பில், வெறும் பாறைமேல் ஒற்றை முட்டை. ஒரு பக்கம் கூம்பிப் பேரிக்காய் போல இருக்கும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், இறக்கை முளைக்கும் முன்பே அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கும். கீழே தகப்பன் பறவை கூப்பிட்டுக்கொண்டே காத்திருக்கும். இதை எனக்கு அந்தப் படகுக்காரர் சொன்னார். அவரும் தகப்பன், நானும் தகப்பன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

சூரியன் மறையவே மறையாது. மக்ரிப் எப்போது என்று தெரியாமல் மக்கா நேரத்தை வைத்துத் தொழுதேன். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். அறையில் கனமான திரை இருக்கிறதா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். அம்மாவுக்குக் காது மூடும் தொப்பி முக்கியம். மே கடைசியில் 5 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், காற்று வேறு.

பாம்பன் தங்கச்சி, உங்கள் அம்மாவின் விரலைப் பற்றிப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஆனாலும் தம்பி போகட்டும் என்றே சொல்வேன். வலையில் ஏறிய காட் மீனைத் திரும்பக் கடலில் கொட்டுவது 1987-லிருந்து அங்கே குற்றம். காய்ந்த மீனின் தலையைக்கூட வீணாக்காமல் நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். நம் விசைப்படகுகளில் விரல் நீளக் குஞ்சுமீன் கூடை கூடையாகத் தீவன ஆலைக்குப் போகிறது. இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டு வருவது வீண் செலவாகுமா?


சக்கரக்கோட்டைக் கண்மாய்:

நான் பறவைக் கணக்கெடுப்பில் பல வருடமாகக் கலந்துகொள்கிறேன். சில திருத்தங்கள்.

முதலாவது, கொசு உள்ளான் நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் முட்டையிடுவது உண்மை. ஆனால் அங்கே கொஞ்சம்தான். பெருங்கூட்டம் முட்டையிடுவது ரஷ்யாவின் வடகரையில், சைபீரியாவில். நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் அங்கிருந்து மத்திய ஆசியா வழியாக இறங்குபவை. கோதண்டராமர் கோயிலில் பார்த்த அதே பறவையை வார்டோவில் பார்க்கப்போகிறோம் என்று மகளிடம் சொல்லாதீர்கள். அதே இனம் என்று சொல்லுங்கள். நாளை அவளே படித்துத் தெரிந்துகொள்ளும்போது உங்கள்மேல் வருத்தம் வரக்கூடாது.

அடுத்தது நாள். மே கடைசியில் வார்டோவை ஒட்டிய வராங்கர் தீபகற்பத்தின் மேட்டு நிலத்தில் இன்னும் பனி கிடக்கும். உள்ளான் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். முட்டை ஜூன் நடுவில்தான். ஒரு பெட்டை இரண்டு கூடுகளில் முட்டையிட்டு, ஒன்றைச் சேவலிடம் விட்டுவிட்டு மற்றதைத் தான் அடைகாப்பதும் உண்டு. அந்தக் கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் விடுப்பு எடுக்க வேண்டும். எடுத்தாலும், தரையில் இருக்கும் கூட்டைத் தேடிக் குடும்பமாக நடப்பதை நான் ஏற்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத முட்டை காலில் மிதிபடும்.

சாயல்குடி நண்பருக்கு: ஸ்வால்பார்டு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே இருக்கிறது, நார்வேக்குத் திரும்பி நுழைய இருமுறை நுழையும் விசா வேண்டும். 2025 முதல் பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். ஒன்பது வயதுப் பையனுக்கு அது ஒரு வெள்ளைப் புள்ளி.

போவதா வேண்டாமா என்றால், நான் பாதிக்குப் பாதி பாம்பன் மகள் பக்கம். உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வடதுருவம் சூடேறி வருகிறது. லோபோட்டனின் கோடியில் உள்ள ரோஸ்ட் தீவுகளில் பஃபின் பறவைகள் பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகின்றன. குஞ்சுகளுக்கு ஊட்ட ஹெர்ரிங் குஞ்சுமீன் கிடைக்காததுதான் முக்கியக் காரணம். 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்து வார்டோ பக்கம் கடற்காக்கைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. போவதாக இருந்தால் ஊர்களைக் குறைத்து ஒரே இடத்தில் அதிக நாள் தங்குங்கள். திரோம்சோ எதற்கு? அதை நீக்கினால் உள்நாட்டு விமானம் ஒன்று குறையும்.


உச்சிப்புளி வாசகன்:

அதே பறவை என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தேன். இன்று மாலை திருத்திச் சொல்லிவிட்டேன். நன்றி.

பாம்பன் மகளுக்கு. தீவைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த ஊரில் மட்டும் கரையில் நடக்க விடுவார்களா?" தேடிப் பார்த்தேன். நார்வேயில் 1957-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வேலியடைக்காத காடு, மலை, கடற்கரை, அது யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம். வழிவழியாக இருந்த வழக்கத்தைத்தான் சட்டமாக எழுதியிருக்கிறார்கள். இப்படியும் ஒரு நாடு நடக்கிறது என்பதை என் பிள்ளைகள் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.


பாம்பன் மகள்:

நல்ல சட்டம். ஆனால் பறவை அடைகாக்கும் தீவுக்கும் அது பொருந்துமா? அங்கே யார் வேண்டுமானாலும் ஏறலாமா? மாலுமி காக்கா (அண்ணன்), நீங்கள் போனவர், சொல்லுங்கள்.


கீழக்கரை மாலுமி:

பொருந்தாது, தங்கச்சி. ஹோர்னோயா காப்பிடம். படகு இறங்கும் இடத்திலிருந்து குறி வைத்த பாதை உண்டு, அதைத் தாண்டக்கூடாது. ஆனால் பாதை பறவைக்கு வெகு பக்கத்தில் போகிறது. பழகிப்போனதால் அவை எழுந்து பறக்கவில்லை. என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பஃபின், அலகில் குறுக்காக ஏழெட்டுச் சின்ன மீன்களை அடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றுகூட நழுவவில்லை.


பாம்பன் மகள்:

அப்படியென்றால் நான் கேட்க நினைத்ததை அவர்கள் செய்திருக்கிறார்கள். ஒரு பாதை, ஒரு எல்லை, ஒரு பருவம். தீவைத் திறந்து விடுங்கள் என்று எங்கள் பெண்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பாசி வளர விட்டு, மாதத்தில் இத்தனை நாள் மட்டும் எடுக்கிறோம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள் அவர்கள். அவர்களையும் உட்கார வைத்துப் பேசி எல்லையை வகுக்கலாம் அல்லவா?

விமானத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. பதினைந்து லட்சம் ரூபாய்க்கு வேறு வழி இருக்கிறது என்றும் இன்னும் நம்புகிறேன். போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பாதையை வகுக்கும்போது வார்டோ மீனவர்களைக் கேட்டார்களா, கேட்டிருந்தால் எப்படி என்று விசாரித்து இங்கே எழுதுங்கள். மகள் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பாள்தானே, அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் நம் கரையையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போங்கள். தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக 2025 ஜூனில்தான் அறிவித்தார்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களும் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றன.


உச்சிப்புளி வாசகன்:

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். திரோம்சோவை நீக்கிவிட்டோம். லோபோட்டனில் மூன்று நாள், பிறகு கரையோரக் கப்பல், வார்டோவில் நான்கு நாள். ஸ்வால்பார்டு இல்லை. பள்ளிக்கு விடுப்பும் இல்லை. முட்டையைப் பார்க்க முடியாது என்று மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது போய் இறங்குவதைப் பார்த்தால் போதும்" என்றாள்.

உப்பில்லாத கருவாட்டுக்கு அம்மாவே விடை கண்டுபிடித்துவிட்டார். குளிர் இருக்கும்வரை ஈ பிறக்காது, ஈ பிறப்பதற்குள் மீன் காய்ந்துவிடும், அதனால்தான் மாசியில் தொங்கவிட்டு வைகாசியில் இறக்குகிறார்கள் என்றார். போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாராம்.

கிளம்பும் முன் ஜனவரியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் பிள்ளைகளோடு கோதண்டராமர் கோயில் பக்கம் போகிறோம். மீனவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளை மகள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டாள்.


பாம்பன் மகள்:

ஜனவரி கடைசி ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோயில் திருப்பத்தில் நில்லுங்கள். வாடைக்காற்று அடிக்கும், உங்கள் அம்மாவுக்குத் தலைத்துண்டு கொண்டு வாருங்கள். நான் என் அம்மாவோடு வருகிறேன். விரலில் துணி சுற்றுவது எப்படி என்று உங்கள் மகளுக்குக் காட்டுகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.