தாத்தா, இருபது நிமிடம் அசையாமல் உட்காருவீர்களா?

நான்: [படம்] இன்றைய வகுப்பில் வரைந்தது. ஆளை நேரில் உட்கார வைத்து வரைவது இதுதான் முதல் முறை. கை முழுக்கக் கரி, மூக்கிலும் இருந்திருக்கிறது, மின்சார ரயிலில் எதிரே இருந்த குழந்தை தாம்பரம் வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது.

சித்தி: நன்றாக இருக்கிறதுடி கண்ணு. யார் இந்தத் தாத்தா?

நான்: பாட்டி, சித்தி.

மாமா: ஹாஹாஹா

நான்: வகுப்புத் தெருமுனையில் கீரை விற்பவர். சார் ஒரு நாள் வரும்படியைக் கையில் கொடுத்துக் கூட்டிவந்தார்.

மாமா: போனில் ஒரு போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரைந்தால் ஆகாதா? பணமும் மிச்சம்.

நான்: நானும் அப்படித்தான் நினைத்தேன் மாமா. போட்டோவில் நிழல் விழுந்த பக்கம் பெரும்பாலும் ஒரே கறுப்பாகப் போய்விடுகிறது, நேரில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளேயே தாடைக்கு அடியில் சேலையின் மஞ்சள் நிறம் எதிரொளித்து லேசாக வெளிச்சம் இருக்கிறது. கிட்டே போய் எடுத்தால் மூக்கு வேறு பெருத்துவிடும். அப்புறம் ஆள் மூச்சு விடுகிறாரே, பத்து நிமிடத்தில் தோள் இறங்கி, தலை ஒரு விரற்கடை சாய்ந்து, முதலில் போட்ட கோடெல்லாம் பொய்யாகிவிடும், எதை வைத்துக்கொள்வது எதை அழிப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டோ அந்த வேலையை நமக்குத் தருவதே இல்லை.

அம்மா: அதெல்லாம் சரி, கண் இவ்வளவு கீழேயா இருக்கும்?

நான்: அம்மா, அந்தப் படத்தில் சரியாக இருப்பதே அது ஒன்றுதான். உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய சரிபாதியில் வரும். எல்லோரும் மேலே தள்ளிப் போட்டுவிடுவோம். கண்ணாடி முன்னால் ஸ்கேல் வைத்துப் பார்.

சித்தி: அக்கா, பாதிதான். கரண்டிக் காம்பை வைத்து அளந்தேன்.

மாமா: எனக்கு முடி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, கணக்கு உதைக்கிறது.

தாத்தா: எழும்பூர் ஓவியக் கல்லூரி வழியாகத்தான் நான் ஆபீஸ் போவேன். 1850இல் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். நாலு பேர் பாறையை நெம்புவார்களே, அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரிக் காவல்காரரே என்று சொல்வார்கள்.

நான்: அந்த நெம்புகிற நிலையில் எத்தனை நாள் நின்றாரோ தாத்தா! இங்கே சும்மா நாற்காலியில் உட்காருவதற்கே பாட்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் ஓய்வு, திரும்பி வந்து அதே இடத்தில் கால் வைப்பதற்காகத் தரையில் சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டிருந்தோம். முதல் ஓய்வில் எழுந்தவர், "இதுக்குக் கூடை சுமக்கிறதே தேவலாம்" என்றார்.

சித்தி: பாவம். படத்தைப் பார்த்தாரா?

நான்: பார்த்தார். "எங்க அண்ணனாச்சே இது" என்றார். உன் மேல் தப்பில்லை சித்தி.

மாமா: ஹாஹாஹாஹா

நான்: சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரத்துக்குள் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா?

மாமா: அப்பா இருபது நிமிடம் பேசாமலா? நடக்கிற காரியமா?

தாத்தா: சவரம் செய்துகொள்ளட்டுமா?

நான்: வேண்டாம், அந்த நாலு நாள் தாடிதான் வேண்டும்.

தாத்தா: கீரைக்காரம்மாவுக்குக் கொடுத்த அதே தொகை. நாலு மணிக்குக் காபி தனி.

அம்மா: அப்பா!

தாத்தா: காது மிஷினைக் கழற்றி வைத்துவிடுகிறேன். உன் மாமா பேசுவது கேட்காவிட்டால் எவ்வளவு நேரமானாலும் அசையாமல் இருப்பேன்.