பிராம்ப்டுக்கு என்ன தமிழ்? ‘எடுப்பு’ என்று ஒரு சொல்

அன்புள்ள எல்லாருக்கும்,

நம் குழுவில் மூன்று நாளாக ஓடுகிற பேச்சிழையை முழுதும் படித்துவிட்டேன். கதைப் போட்டியில் ‘இதை வைத்து எழுதுங்கள்’ என்று கொடுக்கிறோமே, ஆங்கிலத்தில் பிராம்ப்ட் என்கிற அந்த ஒற்றைச் சொல்லுக்கோ வரிக்கோ படத்துக்கோ தமிழில் என்ன பேர் என்பதுதான் கேள்வி. இதுவரை வந்தவை தலைப்பு, கரு, தூண்டல், உறைசொல். நடுவில் குளச்சல் டீச்சர் இப்படிக் கேட்டிருந்தார்கள்:

> பேரு என்னவா இருந்தா என்ன, கதை நல்லா வந்தாப் போதாதா?

போதாது டீச்சர். போன மாதம் நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நாகர்கோவிலில் நாம் கூடுகிற நூறுசொல் கதைப் போட்டிக்குக் குழுவில் எல்லாரும் வந்ததில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கட்டணம் கிடையாது, நடுவர் கிடையாது. பேர் எழுதாத தாள்களை ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கை தூக்குவோம். நிறையக் கை விழுந்த கதைக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம். போன மாத அறிவிப்பில் ‘தலைப்பு: குடை’ என்று போட்டிருந்தோம்.

ஆறாவதாக வாசித்த தாளின் மேலே ‘நனையாத மரம்’ என்று இருந்தது. இடவப்பாதி மழைக்கு இரண்டு நாள் முன்பு ஓர் அப்பா ரப்பர் தோட்டத்தில் நிற்கிறார். மழையிலும் பால்வெட்டு நிற்கக் கூடாது என்று, ஒவ்வொரு மரத்திலும் வெட்டுப்பட்டைக்கு மேலே பசை தடவி, பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி சுருக்கி ஒட்டிக்கொண்டு போகிறார். முந்நூறு மரம். கடைசி மரத்தில் கை வைக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. சொட்டச் சொட்டத் திண்ணையில் வந்து நிற்கிறவரிடம் மகள் துண்டை நீட்டுகிறாள். ‘மரம் ஒண்ணும் நனையல மக்கா’ என்கிறார் அப்பா. அத்தோடு கதை முடிகிறது.

வாசித்து முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா குடை எங்க?’ என்றார். தலைப்பும் குடை இல்லை, கதைக்குள்ளும் அந்தச் சொல் இல்லை, ஆகவே சேர்க்க முடியாது என்று முடிவாயிற்று. எழுதிய பிள்ளை அருமனையிலிருந்து பஸ் மாறி வந்தவள். இந்த மாதக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. நானும் அன்றைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

கேட்டவர் மேல் தப்பில்லை. தலைப்பு என்று அச்சடித்துக் கொடுத்தால் அது கதையின் தலையில் இருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார். அன்று வந்த பதினாலு கதையில் பதினொன்றுக்குக் ‘குடை’ என்றே பேர். அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் நாம் என்ன கொடுத்தோம் என்பது சரியாகப் பிடிபட்டிருந்தது. அதைச் சொல்லுகிற வார்த்தை நம் அறிவிப்பில் இல்லை.

‘கரு’வும் இதே இடத்தில்தான் இடறுகிறது. கரு கதைக்குள்ளேயே கிடப்பது. எழுதி முடித்த பிறகு வாசகர் எடுத்துச் சொல்வது. குடை அந்தக் கதையின் கரு இல்லையே. ‘தூண்டல்’ பள்ளிப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: இயற்பியலில் மின்காந்தத் தூண்டல், உளவியலில் தூண்டல்–துலங்கல். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிற அந்தத் துலங்கலைக் கதை எழுதுகிறவர் மேல் ஏற்ற எனக்கு மனசில்லை.

குலசேகரம் அண்ணன் தந்த ‘உறைசொல்’லில்தான் நெடுநேரம் நின்றேன்.

> ஒரு ஸ்பூன் மோரு விட்டா ஒரு சட்டிப் பாலு தயிராகும். ரப்பர் பாலுக்கு ஆசிட்டு விட்டா மறுநாள் ஷீட்டு அடிக்கலாம். வெளிய இருந்து விட்டது கொஞ்சம், ஆனா மொத்தமும் மாறிப்போகும். அந்த மாதிரித்தான் இந்தச் சொல்லும்.

அண்ணனின் உவமைக்கு நான் முழு வாக்குப் போடுவேன். விட்ட மோர் தயிருக்குள் தனியாகத் தெரியாது. குடை தெரியாத குடைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாக வைத்துப் பார்த்தால் சிக்கல். அடுத்த மாதம் சொல்லுக்குப் பதில் ஒரு படம் கொடுத்தால் ‘உறைப்படம்’ என்போமா? புத்தக அட்டைப் படம் என்று நினைப்பார்கள். ‘உறைவரி’ என்றால் தபால் உறை ஞாபகம் வரும். நம் பக்கத்தில் மிளகாய்க்கும் உறைப்பு உண்டு. கலைச்சொல் என்றால் ஒரு குடும்பமே அதிலிருந்து பிறக்க வேண்டும், அண்ணே.

இனி என் பரிந்துரை. தமிழில் இந்தப் பழக்கம் புதிதில்லை. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் கலை) செய்த செய்குத்தம்பிப் பாவலர் நம் நாகர்கோவில் இடலாக்குடிக்காரர். அவரிடம் ‘துருக்கனுக்கு ராமன் துணை’ என்று ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்ட கதை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். இஸ்லாமியப் புலவர் எப்படிச் சமாளிப்பார் என்று பார்க்கப் போட்ட கொக்கி அது. அவர் முந்தின அடியில் பரதனையும் இலக்குவனையும் வரிசையாகக் கொண்டுவந்து ‘சத்’ என்று நிறுத்தினார். கொடுத்த அடி அதோடு ஒட்டிச் சத்துருக்கன் ஆகிவிட்டது. கொடுத்ததில் ஓர் எழுத்தும் மாறவில்லை; பொருள் முழுக்கப் பாவலருடையது. அருமனைப் பிள்ளை செய்ததும் இதன் மறுபக்கம்தான்: எழுத்து ஒன்றும் இல்லை, பொருள் மட்டும் நின்றது.

ஈற்றடி என்றே வைத்துக்கொள்ளலாமா என்றால், அது கடைசி அடி மட்டும். ஆனால் அதற்கு முன்னாலேயே நம்மிடம் வேறொரு வழக்கு இருக்கிறது: அடியெடுத்துக் கொடுத்தல். சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்றும், சுந்தரருக்குப் ‘பித்தா’ என்றும் இறைவன் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்வோம். ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார்; மீதிப் பாட்டு புலவர் பாடு. கோயில் கொடைக்கு ஊர்ப் பையன்கள் நாடகம் போடும்போது, படுதாவுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரையும் நினைத்துப் பாருங்கள். பாதி வரி எடுத்துக் கொடுத்தால் போதும், மீதி நடிகருக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் அவருக்குப் பேர் பிராம்ப்டர். வேர் நம் வீட்டிலேயே கிடக்கிறது, நாம் வெளியே தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே: எடுப்பு. கொடுப்பது சொல்லானால் எடுப்புச்சொல், வரியானால் எடுப்புவரி, படமானால் எடுப்புப்படம்.

> எடுப்புன்னா எடுப்பான மூக்கு, எடுப்புச் சாப்பாடுன்னுல்லா ஞாபகம் வருது?

தக்கலைத் தம்பி இதைப் போனில் கேட்டார். வரட்டும். ‘எடுப்புச்சொல்’ என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த மயக்கம் நிற்காது. இசையில் பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதற்கும் எடுப்பு என்றுதான் பேர். தொடங்குகிற இடம் என்ற பொருள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக்குத் தட்டிக் கொடுப்பதையும் பிராம்ப்ட் என்கிறார்களே, இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லதில்லையா என்றும் தம்பி கேட்டார். வேண்டாம் என்பது என் எண்ணம். கணினியிடம் கொடுப்பது ஏவல், சொன்னபடி செய்தாக வேண்டும். இங்கே கொடுத்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போய் நிற்கிறோம் என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

சொல் எண்ணும் சண்டையை இதில் இழுக்காதீர்கள், தனி இழை போடுகிறேன். சரியாக நூறு சொல் என்கிற அளவு 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழக அறிவியல் புனைகதைச் சங்கத்தாரிடம் தொடங்கியது. அவர்களுக்கு ‘இன் த ஹவுஸ்’ மூன்று சொல். நமக்கு ‘வீட்டில்’ ஒன்று. போதாததற்கு ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ ஒட்டி எழுதினால் ஒன்று, பிரித்தால் மூன்று. எங்கே ஒட்டுவது, எங்கே பிரிப்பது என்று முடிவு பண்ணாமல் நூறு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது பெரிய பேச்சு.

அடுத்த மாத அறிவிப்பு இப்படி இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்:

எடுப்புச்சொல்: சிரட்டை. நூறு சொல்லில் ஒரு கதை. எடுப்புச்சொல் கதைக்குள் வரலாம், வராமலும் இருக்கலாம். தலைப்பு உங்கள் விருப்பம்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை நகல் எடுக்க வேண்டும். ‘நனையாத மரம்’ எழுதிய தாள் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முதல் கதையாக அதை மறுபடி வாசித்துக் கை தூக்கச் சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒழுகினசேரியிலிருந்து