புது மெயில் சர்வருக்கு மாறும் முன் பழைய மெயில்பாக்ஸை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி: நூலிழை

அலுவலக மெயிலைப் பழைய ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சர்வரிலிருந்து வேறு சேவைக்கு மாற்றப் போகிறோம். என் மெயில்பாக்ஸ் 38 ஜிபி, புது இடத்தில் ஆளுக்கு 25 ஜிபிதான். செய்திமடல்களை ஆயிரக்கணக்கில் தேடி அழித்தும் அளவு அசையவே இல்லை. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? எதைத் தொடக்கூடாது?

பதில்: அஞ்சல்பெட்டி

அளவு அசையாததற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, செய்திமடலில் எடையே கிடையாது. ஒரு மடல் 75 கேபி என்று வைத்தாலும் ஆயிரம் சேர்ந்து 75 எம்பிதான். அட்டாச்மென்டோ மெயிலில் பேஸ்64 வடிவில் (ஃபைலை எழுத்துகளாக மாற்றும் முறை) இருப்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். 20 எம்பி ஃபைல் சர்வரில் 27 எம்பியாக உட்கார்ந்திருக்கும். அப்படி மூன்று மெயிலை எடுத்தால் உங்கள் ஆயிரம் செய்திமடலுக்குச் சமம். எண்ணிக்கையை மறந்துவிட்டு அளவைப் பாருங்கள்.

இரண்டாவது, ஐமேப்பில் டெலீட் செய்தால் மெயில் ட்ராஷுக்குப் போகும், அல்லது 'அழிக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டும் விழும். இரண்டிலும் இடம் திரும்பக் கிடைக்காது. ட்ராஷைக் காலி செய்து, அழித்த ஒவ்வொரு ஃபோல்டரிலும் வலது கிளிக் செய்து 'காம்பேக்ட்' கொடுத்தால்தான் சர்வரிலிருந்து நிஜமாகவே போகும். ட்ராஷுக்குள் துணை ஃபோல்டர்கள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எதையும் அழிக்கும் முன் எல்லாவற்றையும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகல் எடுங்கள். 'காப்பி'தான், 'மூவ்' வேண்டாம். மூவ் பாதியில் அறுந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். முடிந்ததும் நெட்டைத் துண்டித்துவிட்டு, பழைய மெயில்கள் சிலவற்றை அட்டாச்மென்டோடு திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

பிறகு 'சர்ச் மெசேஜஸ்' திறந்து, அளவு 5120 கேபிக்கு மேல் என்று தேடி, முடிவை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். முதலில் சென்ட் ஃபோல்டர். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பிய ஃபைல் எல்லாம் அங்கே முழுசாகக் கிடக்கும். ஒரே ஃபைலை நாலு முறை திருத்தி அனுப்பியிருந்தால் கடைசியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் கோட்டா (ஒதுக்கிய இட அளவு) டேப் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின் அதைப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

பதில்: பூட்டுசாவி

அலுவலக மெயில் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தம், பில், பணியாளர் விவகாரம் இவற்றை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நீங்கள் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. கணக்குப் பிரிவிலும் நிர்வாகத்திலும் எழுத்தில் கேட்டுவிட்டு அழியுங்கள். வழக்கு ஏதாவது நடக்கிறதென்றால் சம்பந்தப்பட்ட எதையும் தொடவே கூடாது.

மெயிலை வைத்துக்கொண்டு அட்டாச்மென்டை மட்டும் நீக்கும் வசதி தண்டர்பேர்டில் உண்டு. ஆனால் ஐமேப்பில் அது அட்டாச்மென்ட் இல்லாத புதுப் பிரதியை எழுதிவிட்டுப் பழையதை அழிக்கிறது. காம்பேக்ட் செய்யும்வரை இடம் குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். கோட்டா விளிம்பில் இருக்கும்போது இதில் இறங்காதீர்கள். டிஜிட்டல் கையெழுத்துள்ள மெயிலில் அட்டாச்மென்டை எடுத்தால் கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றுவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். மறையாக்கம் செய்த மெயில்கள் இருந்தால் பழைய சான்றிதழையும் பிரைவேட் கீயையும் (அவற்றைத் திறக்கும் ரகசியச் சாவி) எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அவை இல்லாமல் மெயில் மட்டும் புது இடத்துக்கு வந்து பயனில்லை.

நூலிழை:

சென்ட்டையும் ட்ராஷையும் முடித்ததிலேயே 21 ஜிபிக்கு வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி! புது சர்வருக்கு நகலெடுக்கும் முன் வேறென்ன பார்க்க வேண்டும்? ஃபில்டர்கள், முகவரிகள் எல்லாம் தானாக வருமா?

பதில்: அஞ்சல்பெட்டி

வராது. ஐமேப் சுமப்பது மெயிலையும் ஃபோல்டரையும்தான். முகவரிப் புத்தகம், காலண்டர் இரண்டையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தண்டர்பேர்ட் ஃபில்டர்கள் உங்கள் கணினியில் பழைய கணக்கோடு கட்டப்பட்டவை; அவை காட்டும் ஃபோல்டரும் பழைய கணக்கினுடையது. புதிதாகத்தான் எழுத வேண்டும். சர்வரில் ஓடும் விதிகள், விடுமுறைப் பதில், ஃபார்வர்டு அமைப்பு இவற்றை வெப்மெயிலில் நுழைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் பெயர்களையும் இப்போதே சரிசெய்யுங்கள். சில சர்வர்களில் துணை ஃபோல்டரைப் பிரிக்கும் குறி புள்ளி, சிலவற்றில் சாய்கோடு. பழைய இடத்தில் 'கணக்கு/வரி' என்று ஒரே ஃபோல்டராக இருந்தது, புது இடத்தில் 'கணக்கு' என்ற ஃபோல்டருக்குள் 'வரி'யாக உடையலாம், இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடலாம். புள்ளி, சாய்கோடு, பெயரின் கடைசியில் தெரியாமல் விழுந்த இடைவெளி மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

பதில்: இணைகம்பி

நகலெடுப்பதை மவுஸால் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். சில மெயில் மென்பொருள்களில் வந்த தேதி மாறி, எல்லா மெயிலும் இன்று வந்ததுபோல் நிற்கும். ஐமேப்சிங்க் மாதிரி கருவி தேதியையும் படித்தது, படிக்காதது என்ற அடையாளத்தையும் காப்பாற்றும். வெள்ளோட்டமாக ஓட்டிப் பார்க்கவும் வழி உண்டு. பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாம், ஏற்கெனவே போனதை அது தவிர்த்துவிடும்.

புது சேவை ஒரு மெயிலுக்கு எத்தனை எம்பி வரை ஏற்கும் என்று முன்பே கேளுங்கள். அதைத் தாண்டியவை வந்து சேராது. அவற்றின் அட்டாச்மென்டைத் தனி ஃபைலாகச் சேமித்துவிடுங்கள்.

ஜிமெயிலிலிருந்து மாறுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கே லேபிள் ஒவ்வொன்றும் ஐமேப்பில் ஒரு ஃபோல்டராகத் தெரியும். மூன்று லேபிள் உள்ள மெயில் மூன்று பிரதியாக வரும், 'ஆல் மெயில்' நாலாவதைச் சேர்க்கும். லேபிள் அமைப்பில் 'ஷோ இன் ஐமேப்' டிக்கைத் தேவையற்றவற்றுக்கு எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நகல் முடிந்ததும் ஃபோல்டர் வாரியாக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மொத்த ஜிபியை ஒப்பிடாதீர்கள், இரண்டு சர்வரும் அளவை ஒரே மாதிரி கணக்கிடாது. எம்எக்ஸ் பதிவை (உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய சர்வருக்கு மெயில் வந்துகொண்டிருக்கும். அதனால் கருவியைக் கடைசியாக இன்னொரு முறை ஓட்டிவிட்டுப் பழைய கணக்கை மூடச் சொல்லுங்கள்.