ஆலோசனை அறையின் கதவருகே: கல்லூரியில் மனநல உதவி தேடியவர்களின் அனுபவங்கள்

முன்னாள் பொறியியல் மாணவர், விழுப்புரம் மாவட்டம்:

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2022-ஆம் ஆண்டு பொறியியல் சேர்ந்தவன் நான். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தியதால் வீட்டுக்குப் பாரம் இல்லை. அதனாலேயே, முதல் பருவத்தில் கணிதம் உட்பட நான்கு தாள்களில் அரியர் விழுந்தபோது, 'எல்லாம் கிடைத்தும் படிக்கவில்லையே' என்று பிறர் சொல்வதற்கு முன்பே நானே எனக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வகுப்புக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உடம்பு எழாது. வருகைப்பதிவு 68 விழுக்காட்டுக்கு இறங்கியதும் வகுப்பு ஆசிரியர் அழைத்து, "கவுன்சலிங் போய்ப் பார்" என்றார்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் அதைச் சொன்னேன். "மறுபடியும் கவுன்சலிங்கா? வேற காலேஜ்ல சீட் தர்றாங்களாப்பா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கட்-ஆஃப், தரவரிசை, கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் என்பவற்றைத் தவிர வேறு பொருள் கிடையாது. விளக்கத் தெரியாமல், "ஆமாம்மா, அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆலோசனை அறை, முதல்வர் அலுவலகத்துக்கும் தேர்வுப் பிரிவுக்கும் நடுவில் இருந்தது. ஹால் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அந்தக் கதவைப் பார்க்க முடியும். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கோடு போட்ட நீளமான பதிவேடு, நூலில் கட்டிய பேனா. பெயர், பதிவு எண், துறை, நேரம், கடைசியாக 'காரணம்' என்று ஒரு கட்டம். எனக்கு மேலே இருந்த வரியில் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதியிருந்தது. பதிவு எண்ணைப் பார்த்தவுடன் அது என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் அமர்பவன் என்று தெரிந்துவிட்டது. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததுபோல் என்னைப் பற்றி அடுத்து வருபவனுக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அந்த ஒரு கட்டத்தால் எனக்கு மூன்று வாரங்கள் போயின. பிறகு ஆலோசகர் மேடமே நூலகத்தின் பக்கம் என்னைப் பார்த்து, "தம்பி, அந்த நோட்டில் எழுத வேண்டாம், நாலு மணிக்கு மேல் வாங்க, வரிசை இருக்காது" என்றார். போனேன். நான் எதிர்பார்த்த அறிவுரை எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், மெஸ்ஸில் எந்த வேளை சாப்பிடுவதில்லை, கடைசியாக ஊருக்குப் போனது எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு அரியர் தாள்களையும் எழுதச் சொன்னார். எது எளிது, எதற்குச் சீனியரின் குறிப்புகள் கிடைக்கும் என்று கேட்டு, இரண்டின்மேல் வட்டம் போட்டு, மற்ற இரண்டையும் அடுத்த பருவத்துக்குத் தள்ளினார். நான்காக நெஞ்சில் கிடந்தது அன்றைக்கு இரண்டாகக் குறைந்தது.

எங்கள் விதிப்படி 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை விலக்குக் கேட்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னை அனுப்பிய மேடம், அங்கு ஓ.பி. சீட்டுக்கோ மாத்திரைக்கோ பணம் தேவையில்லை என்பதை முன்பே சொல்லியிருந்தார். விலக்குக் கடிதத்தில் 'சிகிச்சை பெற்று வருகிறார்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அப்பாவிடம் பேசுவதற்கு முன் என் சம்மதத்தைக் கேட்டதோடு, எந்த வார்த்தைகளில் சொன்னால் அவர் பயப்படமாட்டார் என்றும் கேட்டார். "தூக்கம் கெட்டிருக்கு, வைத்தியம் பார்க்கிறோம்னு சொல்லுங்க மேடம்" என்றேன். அப்படியே சொன்னார்.

முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை:

என் அனுபவம் வேறு வகையானது. எனக்கு நெறியாளரால் சிக்கல். எழுதிக் கொடுத்த இயல்கள் மாதக்கணக்கில் திரும்பி வராது. கையெழுத்துக்காக அவர் அறை வாசலில் நிற்பதே வேலையாகிவிட்டது. அழுகை அடங்காத ஒரு நாளில் ஆலோசனை மையத்துக்குச் சென்றேன். ஆலோசகர் இரண்டு அமர்வுகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றாவது முறை, "இது நீங்கள் மூச்சுப்பயிற்சி செய்து சரிசெய்துகொள்ள வேண்டிய குறை இல்லை அம்மா, புகாராகப் போக வேண்டிய விஷயம்" என்றார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும், அதன் முடிவில் நிறைவு இல்லையெனில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனு எழுதும்போது உடன் இருந்தார். நெறியாளர் மாற்றம் கிடைக்க எட்டு மாதங்கள் ஆயின. துன்பம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகச் சுட்டிக்காட்டிய அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்லூரி ஆலோசகர், 11 ஆண்டுப் பணி:

பதிவேட்டைப் பற்றி மேலே எழுதிய தம்பிக்கு: அந்தக் 'காரணம்' கட்டம் எங்கள் கல்லூரியிலும் இருந்தது. ஆண்டு ஆய்வின்போது காட்ட ஆவணம் வேண்டும் என்று அலுவலகம் கேட்கும். நான் இப்போது எண் மட்டும் அச்சிட்ட சீட்டு கொடுக்கிறேன். மாத முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற தொகையைத் தருவேன்; பெயர்ப்பட்டியல் தரமாட்டேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சிகிச்சை பெறுபவரின் தகவல்களுக்கு இரகசியக் காப்பு அளிக்கிறது என்பதை நிர்வாகத்துக்கு நான் பலமுறை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மௌனமாக இருக்கமாட்டேன் என்பதை ஒவ்வொரு மாணவரிடமும் முதல் அமர்விலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்கள் மிகக் குறைவு.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டது. என் அச்சம் இதுதான்: பல இடங்களில், ஏற்கெனவே பணியில் இருக்கும் பேராசிரியர் ஒருவருக்கே கூடுதல் பொறுப்பாக இது போய்ச் சேரும். அக மதிப்பெண் போடும் கையிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? நல்ல ஆசிரியர் வேறு, ஆலோசகர் வேறு. மனநல மருத்துவமனை இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கும் நம் மாநிலத்தில், கதவு வரை வரும் பிள்ளை எவ்வளவு தூரத்தைக் கடந்து வந்திருக்கிறது என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

இன்னொன்று. என் அறை மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. தேர்வு முடிவுகளோ பெரும்பாலும் இரவில் வெளியாகின்றன. அந்த வாரங்களில் மனநல உதவிக்கான 14416 என்ற தொலைபேசி எண்ணை விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டி வைக்கிறேன். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நின்று பார்க்க எல்லோருக்கும் கூச்சம். தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

விடுதி அறைத்தோழர், திருச்சி:

நான் ஆலோசனைக்குச் சென்றவன் இல்லை, அழைத்துச் சென்றவன். என் அறையில் இருந்த நண்பன் பத்து நாட்களாகக் குளிக்கவில்லை, புத்தகங்களை எல்லாம் ஜூனியருக்குக் கொடுத்துவிட்டான். அந்த இரண்டாவது செய்தி எனக்குப் பயத்தைக் கொடுத்தது. என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல், "டேய், நான் போறேன், துணைக்கு வா" என்று என் பெயரில் அழைத்துப் போனேன். வாசலில் நின்று உண்மையைச் சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனான். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேப்பமரத்தடியில் அவன் செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன், "வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க, நீயும் வர்றியா?" என்று கேட்டான். அந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன்.