ஸ்னைப்பர் துப்பாக்கியில் அடித்து மாற்றப்பட்ட ஸ்கோப் எண்: உதவி தேவை

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்றின் உற்பத்தி வரலாற்றை, இங்கிலாந்திலுள்ள சேகரிப்பாளர் ஒருவருக்காக ஆவணப்படுத்தி வருகிறேன். துப்பாக்கியும் அதன் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தொடக்கத்திலிருந்தே ஜோடியா என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது.

துப்பாக்கியில் 1944ஆம் ஆண்டும், பர்மிங்காம் அருகே ஷெர்லியில் இயங்கிய பி.எஸ்.ஏ. ஆலையின் எம்47சி குறியீடும் உள்ளன. தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அடியில் எஸ்51 முத்திரை இருப்பதால், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனமே இதை ஸ்னைப்பராக மாற்றியது என்பது உறுதி. ஸ்னைப்பர் வகையைக் குறிக்கும் டி, டிஆர் முத்திரைகளும் உரிய இடங்களில் உள்ளன. ஸ்கோப், எச்.பி.எம். நிறுவனம் 1943இல் செய்த நம்பர் 32 மார்க் 2.

சிக்கல் கட்டையின் கழுத்தில், அதாவது கைபிடிக்கும் குறுகிய பகுதியில்தான் இருக்கிறது. ஸ்கோப்பின் வரிசை எண்ணைப் பொறிக்கும் அந்த இடத்தில் ஓர் எண் குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டு, அதன் கீழே சற்றுச் சிறிய இலக்கங்களில் வேறோர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்போதுள்ள ஸ்கோப்போடு பொருந்துவது இரண்டாவது எண்தான். ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டிலோ, துப்பாக்கியின் எண் எவ்வித அடித்தலுமின்றித் தெளிவாக உள்ளது.

சாய்வான ஒளியில் படமெடுத்துப் பெரிதாக்கியும் அடிபட்ட எண்ணின் கடைசி இரு இலக்கங்களே தெரிந்தன. கிடைத்த வரிசை எண் பட்டியல்களில் ஸ்கோப் விவரம் இல்லை. கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது பழுதுபார்ப்பு முத்திரை எதுவும் தென்படவில்லை. எண்கள் பொருந்தினால் விலை ஏறும் என்பதால், விற்பனையாளர்களின் வாய்மொழியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த மறுபொறிப்பு ராணுவப் பட்டறையில் நடந்ததா, பிற்பாடு விற்பனைக்காகச் செய்யப்பட்டதா என்பதை எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தறியலாம்?